இரண்டு அரிவாள்மணை, ஒரு வாளி புளித்தண்ணீர்

"தை 20, ஞாயிறு. மாலை ஐந்தேகால். இரண்டு அலகுகளின் காம்புகளும் புளித்தண்ணீரில் ஊறித் துரு நீங்கின. கழுவித் துடைத்தாயிற்று. அடி முதல் நுனி வரை இரண்டும் இப்போது ஒன்றுபோலவே இருக்கின்றன. திருப்தி."

என் குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. கடைசிச் சொல்லின் மேல் ஒரு கோடு இருக்கிறது. அதைப் போட்டது அதே நாள் ஐந்தரை மணிக்கு. அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குத் தெரியவந்ததையும் அடுத்த நான்கு நாட்களில் நடந்ததையும் வரிசையாக எழுதி வைக்க நினைக்கிறேன். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செஞ்சி வட்டத்தில் நான் கால் வைத்து அளக்காத ஊர் குறைவு. எதையும் தொடங்கும் முன் அது இருந்த நிலையை எழுதிக்கொள்வது தொழிலில் வந்த பழக்கம். அந்தப் பழக்கம் இந்த விஷயத்தில் எங்கே கைவிட்டது என்பதும் இதில் வரும்.

நானும் என் தம்பியும் ஒரே மனையில் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டவர்கள். பின்பக்கத் தாழ்வாரமும் தண்ணீர்த் தொட்டியும் பொது. என் மனைவியும் தம்பி மனைவியும் உடன்பிறந்த அக்கா தங்கை, பனமலையில் பிறந்தவர்கள். எங்கள் கல்யாணம் முடிந்து ஆறு வருஷம் கழித்துத் தங்கையைத் தம்பிக்குக் கேட்டோம். ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் மாமியார் ஒருவரே.

அக்கா கல்யாணத்தின்போது மாமியார் தன் அடுப்படியில் தானே புழங்கிக்கொண்டிருந்த அரிவாள்மணையைச் சீர் சாமான்களோடு வைத்துக் கொடுத்தார். தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்தது செஞ்சி கடைத்தெருவில் புதிதாக வாங்கியது. இப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிவந்தோம். இரண்டும் ஒரே பட்டறையில் அடித்தவை போல ஒரே வளைவு, ஒரே நீளம். ஆனால் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். அக்காவுடையது தேய்ந்து ஒடுங்கிக் கறுத்திருக்கும். வெட்டும் வாயின் நடுவில் நெல்மணி அளவுக்கு ஒரு பள்ளம். தங்கையுடையது அகலமாக, பழுப்புத் துருவோடு இருக்கும்.

மாமியார் காலமான நாள் தை வளர்பிறை நவமி. ஒவ்வொரு வருஷமும் அன்று எங்கள் வீட்டில்தான் படையல். அன்றைய காய்கறி முழுவதும் அம்மாவின் அரிவாள்மணையில்தான் அரியப்பட வேண்டும், அரிபவள் மூத்த மகளாக இருக்க வேண்டும் என்பது என் மனைவி வைத்த வழக்கம். தங்கை காய் கழுவுவாள், மொச்சை உரிப்பாள், இலை துடைப்பாள். சில வருஷங்களுக்கு முன் ஒருமுறை அவள் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்து, "நானும் ரெண்டு கத்திரிக்கா அரியறேங்க்கா" என்று உட்காரப் போனாள். என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது கடையில வாங்கனதுடி. இன்னிக்கி வாணாம்" என்றாள். தங்கை அதைத் திரும்ப எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்து மொச்சை உரித்தாள். அன்றைய பக்கத்தில் இதை எழுதியிருக்கிறேன். ஓரத்தில் 'முகம் சுருங்கியது' என்றும் இருக்கிறது.

இனி இவற்றைத் தீட்டிய கல்லுக்கு வருகிறேன்.

இயற்கைக் கற்களைக் கொண்டு இரும்பைத் தீட்டி மெருகேற்றுவது பற்றி ஓய்வு பெற்ற பிறகு நிறையப் படித்தேன். ஒரு கல் போட்ட கீறலை அடுத்த கல் அழிக்க வேண்டும். அந்தக் கல்லின் கீறலை அதற்கடுத்தது அழிக்க வேண்டும். இப்படிப் போய்க் கடைசியில் கண்ணுக்குக் கீறலே தெரியாத நிலை வரும். அதுதான் பளபளப்பு. நாம் பளபளப்பு என்பது மிகச் சின்னக் கீறல்களின் கூட்டம்தான் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் செய்து பார்க்கத் தகுந்த இரும்பு என்று பார்த்தால் அரிவாள்மணைதான் இருந்தது.

மார்கழி 8, திங்கள் அன்று மனைவியிடம் கேட்டேன். அவள் யோசித்தாள்.

"அம்மா நாளுக்குள்ள எனக்குக் கையில வந்துடணும்."

"தை 24. இன்னும் நாப்பத்தஞ்சி நாள் இருக்குது."

"நாளெல்லாம் எண்ணி வெச்சிட்டுத்தான் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

தங்கை அதைத் தாழ்வாரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலமே தன்னுடையதையும் கொண்டுவந்து வைத்தாள். "என்னுதையும் செஞ்சிக் குடுங்க மாமா. அக்காவுது மாதிரியே இருக்கணும்" என்றாள். நான் சரி என்றேன். அவள் சொன்னதை அப்படியே குறித்தும் வைத்தேன். அதற்கு அர்த்தம் என்னவென்று அப்போது யோசிக்கவில்லை.

இரண்டின் நீளம், அகலம், எடை எல்லாம் எழுதினேன். போனில் படம் எடுத்தேன். பிறகு ஆப்பைத் தட்டி எடுத்து அலகுகளைப் பலகையிலிருந்து கழற்றினேன். பலகைக்குள் செருகியிருக்கும் காம்புப் பகுதியில், அழியாத மை என்று போட்டிருந்த பேனாவால் மனைவியுடையதற்கு 'அ' என்றும் தங்கையுடையதற்கு 'ஆ' என்றும் எழுதினேன்.

செஞ்சியில் கல்லுக்கு என்ன பஞ்சம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தெரிகிற குன்றே உருண்டைக் கற்களை யாரோ கொட்டிவிட்டுப் போனது மாதிரிதான் இருக்கும். ஆனால் அவையெல்லாம் பரல் பரலான கற்கள். ஒரு கல்லுக்குள்ளேயே மிருதுவான பரலும் கடினமான பரலும் கலந்திருக்கும். தேய்த்தால் கடினமான பரல் இரும்பில் தனியாக ஒரு கோடு இழுத்துவிடும். இரண்டு நாள் முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டேன்.

மார்கழி 13, சனிக்கிழமை காலையில் சங்கராபரணி ஆற்றுப் பக்கம் போய்க் கூழாங்கல் பொறுக்கினேன். பாலத்தின் மேலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பார்த்தால் என் தம்பி, பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விதைக்கடை வைத்திருக்கிறான்.

"ணா! ஊரே கல்லு. நீ ஆத்துல இன்னா கல்லைத் தேடிக்கினு கீற?"

"இது வேற கல்லுடா."

"கோட்டைக்குள்ள மட்டும் கைய வெச்சிடாத. ரிட்டயர்டு சர்வேயர் கல்லு திருட்டுல மாட்டினான்னு பேப்பர்ல வரும். என் கடைக்கு எவனும் வரமாட்டான்."

கோட்டைக்குள் ஒரு துண்டைக்கூட நான் தொடவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கடைசியில் நான்கு பொருள்கள் அமைந்தன. முதலாவது சிவந்த மணற்கல். தெரிந்த கடைக்காரர் ஒருவர் கடை வாசலில் படியாகப் போட்டிருந்து, சிமென்ட் போட்டபோது பெயர்த்து எறிந்தது. துருவையும் பழைய மேடு பள்ளத்தையும் எடுக்க அதுதான். இரண்டாவது ஆற்றில் எடுத்த பச்சை சாயல் கொண்ட சாம்பல் நிறக் கூழாங்கல். அரிவாள்மணையின் வாய் உள்பக்கமாக வளைந்திருப்பதால் தட்டையான கல் அங்கே உட்காராது. முட்டை வடிவில் இருந்த அந்தக் கல் வளைவுக்குள் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. மூன்றாவது கடப்பைக்கல், தம்பி வீட்டுச் சமையல் மேடைக்கு வாங்கியதில் மிஞ்சிய துண்டு. நான்காவது கல் அல்ல, கல்லின் பொடி. பனை ஏறுகிறவர்கள் பாளை சீவும் கத்தியை வெங்கச்சங்கல் பொடி தூவிய பலகையில் இழுத்துத் தீட்டுவார்கள். பால் வெள்ளையாக வயல் வரப்பில் கிடக்கும் கல்தான் அது. நல்லாண்பிள்ளை பெற்றாள் என்ற ஊருக்குப் போகும் சாலையில் பதநீர் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். "இடிச்சி, துணியில சலிச்சிக்கோ சார். மாவு மாதிரி இருக்கணும். சொரசொரன்னு இருந்தா கத்தி கெட்டுப்பூடும்" என்றார். மூன்று முறை சலித்தேன்.

அரிவாள்மணை அலகைக் கல்லின் மேல் தேய்க்க முடியாது. கல்லைத்தான் அலகின் மேல் ஓட்ட வேண்டும். ஒரு மரக்கட்டையில் காடி எடுத்து அலகை அதில் நிறுத்தித் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். தினமும் காலை ஆறரை முதல் எட்டு வரை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கல் கரைந்து சேறாகும். அந்தச் சேறுதான் வேலை செய்கிறது; கழுவிவிடக் கூடாது. மணற்கல் சேறு செம்மண் நிறம். ஆற்றுக்கல்லின் சேறு முதலில் சாம்பல், இரும்பு சேரச் சேரக் கறுப்பு. ஒலியும் மாறும். முதல் கல் 'கர்கர்' என்று பக்கத்து வீட்டு நாயை எழுப்பும். ஆற்றுக்கல் பொரிவது மாதிரி சின்னதாகச் சத்தம் போடும். கடப்பைக்கல்லில் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது, விரல்தான் சொல்லும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போகும்போது திசையை மாற்றித் தேய்ப்பேன். பழைய கீறல் நெடுக்கில், புதுக் கீறல் குறுக்கில். நெடுக்குக் கோடு ஒன்றுகூடத் தெரியாதபோது அந்தக் கல்லின் வேலை முடிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று நேராகவே எழுதிவிடுகிறேன். வேலையில் இருந்தபோது நான் அளந்த எந்த நிலத்திலும் இரண்டு தரப்பில் ஒரு தரப்பாவது என்னைத் திட்டாமல் போனதில்லை. இந்த இரும்பு திட்டவில்லை. நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக வெளிச்சத்தைக் காட்டியது, அவ்வளவுதான். தை பிறந்த வாரத்தில் அலகில் வேப்பமரம் நிழலாகத் தெரிந்தது. பத்து நாள் கழித்து இலை இலையாகத் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தை அலகில் பார்த்து, இடவலம் மாற்றி, மணி சொன்னேன். என் மனைவி, "மணி பாக்கறதுக்கு ஒரு அருவாமணை. பொங்கலுக்குப் பூசணிக்காய இத்துனூண்டு கத்தியில அரிய வெச்சிட்டு" என்று சொல்லிக்கொண்டே போனாலும், போகும்போது குனிந்து அலகில் தன் பொட்டைச் சரி செய்துகொண்டாள்.

இந்தச் சந்தோஷத்தில்தான் தவறு நடந்தது. ஒரு தவறு அல்ல, மூன்று.

மனைவியின் அலகில் இருந்த பள்ளத்தை எடுக்க வாயையே மணற்கல்லில் கீழே இறக்க வேண்டியிருந்தது. பள்ளம் போயிற்று. இது முதலாவது. அதனால் அது இன்னும் ஒடுங்கியது. தங்கையுடையது பக்கத்தில் அகலமாக நின்றது. அவள்தான் அக்காவுடையது மாதிரியே வேண்டும் என்றாளே. எனக்கும் இரண்டும் ஜோடி போட்டது போல இருந்தால் அழகு என்று ஆசை. மூன்று காலைகள் செலவழித்துத் தங்கையுடையதையும் இறக்கிச் சமமாக்கினேன். இது இரண்டாவது. அப்போதும் பரவாயில்லை, காம்பில் 'அ', 'ஆ' இருந்தது. ஆனால் இவ்வளவு பளபளக்கும் அலகுக்குக் கீழே காம்பு மட்டும் துருப்பிடித்து நிற்பது என் கண்ணை உறுத்தியது. பலகைக்குள் மறைந்துவிடும், யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் தை 20 அன்று மதியம் ஒரு வாளியில் புளியைக் கரைத்து இரண்டு அலகையும் காம்பு மூழ்க நிறுத்தினேன். இது மூன்றாவது.

மை அழியாத மைதான். ஆனால் அது எழுதப்பட்டது துருவின் மேல். துரு போனதும் அதுவும் போயிற்று.

ஐந்தேகாலுக்கு 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் பலகையில் மாட்டலாம் என்று ஒன்றை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். மற்றதை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன்.

திங்களும் செவ்வாயும் யாரிடமும் சொல்லாமல் ஆராய்ந்தேன். அகலம்? நானே சமமாக்கியது. எடை? சமையலறைத் தராசில் இரண்டுக்கும் மூன்று கிராம்தான் வித்தியாசம். முன்பு நிறைய வித்தியாசம் இருந்தது. ஆனால் கல் எதில் எவ்வளவு தின்றது என்று இடையில் ஒரு நாள்கூட நான் நிறுத்துப் பார்க்கவில்லை. படங்கள்? படத்தில் இருப்பவை கறுப்பும் துருவும் பள்ளமும். அவை இப்போது தொட்டிக்குள் சேறாகக் கிடந்தன. காம்பை இரண்டு பலகையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். எது எதில் போனாலும் அதே தளர்ச்சி, அதே ஆப்பு. தொடங்கும் முன் இருந்த நிலையை அவ்வளவு கவனமாக எழுதியிருந்தேன். எழுதியது எல்லாமே நான் தேய்த்து எடுக்கப்போகும் விஷயங்கள் என்பது மட்டும் தோன்றவில்லை.

புதன் காலை காபிக்கு எல்லோரும் தாழ்வாரத்தில் இருந்தபோது சொல்லிவிட்டேன். முழுவதையும், வரிசையாக.

முதலில் தம்பிதான் வாய் திறந்தான். "ஊருல இருக்கற நிலத்துக்கெல்லாம் எல்லைக் கல்லு நட்ட மனுசன். வூட்டுல ரெண்டு அருவாமணைக்கு எல்லை தெரியல!"

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி கோபப்பட்டால் சத்தம் போடுவாள். அது எனக்குப் பழக்கம். அன்று சத்தம் போடவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எது அம்மாவுதுன்னு தெரியாதா?"

"தெரியல."

"கண்டுபுடிக்கவே முடியாதா?"

"நான் பாத்த வரைக்கும் முடியல."

எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் கத்தியால் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் படையல். அம்மாவின் அரிவாள்மணை என்று எடுத்து வைக்க அவளிடம் எதுவும் இல்லை. நான் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கை என்னைப் பார்க்காமல் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் மனைவி வெளியே வந்தாள். கையில் ஒரு முறம் அவரைக்காய், பீர்க்கங்காய்.

"ரெண்டையும் மாட்டிக் கொண்டாங்க. பலகை எதுவா இருந்தாலும் பரவால்ல. உக்காந்து அரிஞ்சா எனக்குத் தெரியும். முப்பது வருசமா அரிஞ்சிகினு இருக்கறேன்."

மாட்டிக் கொடுத்தேன். "பாத்து, ரொம்பக் கூர்" என்று சொல்லும்போதே என் கட்டைவிரலில் கோடு விழுந்தது. வலிக்கவே இல்லை, ரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. தம்பி மஞ்சள்தூள் எடுக்க ஓடினான்.

அவள் முதலாவதில் உட்கார்ந்து பீர்க்கங்காயை வைத்தாள். வைத்த வேகத்தில் அது இரண்டாகி விழுந்தது. அவளே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது இல்ல."

இரண்டாவதில் உட்கார்ந்தாள். அதே மாதிரி.

"இதுவும் இல்ல."

"ரெண்டுல ஒண்ணு இருக்கணுமே" என்றேன்.

"அம்மாவுது இப்டி அரியாதுங்க. நடுவுல ஒரு இடத்துல மாட்டும். இழுத்து, கொஞ்சம் அமுக்கினா கறுக்குன்னு போவும். அது எங்க இருக்குது?"

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தொட்டிச் சேற்றில்.

தங்கை தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். ஒரு அவரைக்காயை வைத்துப் பார்த்தாள். "என்னுதும் இப்டி இல்ல மாமா. என்னுது ஒரு பக்கமா சாஞ்சிப் போவும்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆனா நல்லாத்தான் இருக்குது."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு இரண்டு அலகையும் மாறி மாறிப் பார்த்தாள். வேப்பமரம் இரண்டிலும் ஒரே அளவில்தான் தெரிந்தது.

"நாளைக்கி நீயும் உக்காரு" என்றாள்.

"நானா?"

"பின்ன? ஒண்ணுல நான் அரிஞ்சி, அம்மாவுது மூலையில சும்மா கெடந்துச்சின்னா? ரெண்டுலயும் அரிஞ்சாதான் ஒண்ணு அம்மாவுதா இருக்கும்."

இருபது வருஷத்துக்கு மேல் ஆவணங்களைப் பார்த்துத் தகராறு தீர்த்தவன் நான். இவ்வளவு சரியான ஒரு தீர்ப்பை எழுதியதில்லை. தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி வருசம் மொச்சை உரிக்கத்தான் வுட்ட" என்றாள்.

"நாளைக்கி மொச்சைய உன் மாமா உரிப்பாரு. தண்டனை."

தை 24, வியாழன். காலை ஏழு மணிக்குத் தாழ்வாரத்தில் இரண்டு பலகையும் பக்கத்தில் பக்கத்தில். எந்தப் பலகை யாருக்கு என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை; வந்து உட்கார்ந்த இடம் அவரவர் இடம். கத்தரிக்காய், வாழைக்காய், பூசணி, முருங்கைக்காய். முதல் கால் மணி நேரம் இரண்டு பேரும் பயந்து பயந்து அரிந்தார்கள். பிறகு கை பழகிவிட்டது. பூசணிப் பத்தைகள் கண்ணாடி வெட்டினது மாதிரி வந்தன. அக்கா ஏதோ சொல்ல, தங்கை சிரிக்க, தங்கை திரும்ப ஏதோ சொல்ல, "பேசாம அரிடி, விரலு போய்டும்" என்று அக்கா அதட்டினாள். நான் எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்தேன். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்ததால் வேலை மெதுவாகத்தான் நடந்தது.

மதியம் பனமலையிலிருந்து மச்சான் வந்தார். என் மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் பிறந்தவர். படையல் முடிந்து, கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவப் போன இடத்தில் சாய்த்து வைத்திருந்த இரண்டு அலகையும் பார்த்து நின்றுவிட்டார். தம்பி நடந்த கதையை விஸ்தாரமாகச் சொன்னான். என் அறிவையும் சேர்த்து.

மச்சான் கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கவலை? ரெண்டுமே அம்மாவுதுதானே" என்றார்.

"எனக்குக் குடுத்தது புதுசுண்ணா" என்றாள் தங்கை.

"பலகைதான் புதுசு. நைனா சந்தையில பலகை மட்டுந்தான் வாங்கியாந்தாரு. அலகு வூட்டுல இருந்தது. அம்மா ரெண்டு வெச்சிகினு இருந்துச்சில்ல, கறிகாய்க்கு ஒண்ணு, மீனுக்கு ஒண்ணு. கறிகாய் அரிஞ்சத அக்காவுக்குக் குடுத்துட்டு, மீன் அரிஞ்சத உனக்குக் குடுத்துச்சி."

தங்கை வாயைப் பிளந்தாள். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான்டி, உன் வூட்டுச் சாம்பார்ல ஒரு வாசனை!" என்றாள். தங்கை ஈரக் கையை அவள் மேல் உதறினாள். பிறகு இரண்டு பேரும் நின்று சிரித்ததைப் பார்த்தால் மச்சான் சொன்னது சரியா தப்பா என்று அவர்கள் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது.

கேட்டது நான். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்து விசாரித்தேன். அலகை அவர் நேரில் பார்த்தாரா? பார்த்ததாக ஞாபகம். பலகை வாங்கும்போது கூடப் போனாரா? இல்லை, நைனா, அதாவது என் மாமனார், கொண்டுவந்ததைப் பார்த்தார். அப்போது அவர் வெளியூரில் வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் வீட்டுக்கு வந்தார். "சத்தியமா சொல்றேன் மாமா" என்றார். நல்ல மனிதர்; ஆனால் தங்கச்சி முகம் மலர்வதற்காக எதையும் சத்தியமாகச் சொல்லக் கூடியவர். மாமனார் இப்போது இல்லை. பலகை விற்றவர் யாரென்று தெரியாது. மாமியாரிடம் இரண்டு அரிவாள்மணை இருந்ததா என்று என் மனைவியைக் கேட்டால், "இருந்திருக்கும்" என்கிறாள். அது சாட்சியம் ஆகாது.

இப்போது இரண்டு காம்பிலும் ஆணியால் புள்ளி அடித்துவைத்திருக்கிறேன். ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் இரண்டு. எது யாருடையது என்பதற்காக அல்ல, இனிமேல் மாறாமல் இருப்பதற்காக. தை 24 பக்கத்தின் அடியில், பேனாவால் அல்லாமல் பென்சிலால், இப்படி எழுதியிருக்கிறேன்:

"தங்கையின் அலகும் மாமியார் புழங்கியதே என்று மச்சான் கூறுகிறார். வேறு ஆதாரம் கிடைக்கவில்லை. உறுதி செய்யப்படவில்லை."